மூணு கலர் ஒயர்

போன வாரம் நெடுமாறன் செய்த காரியத்துக்காக அவனைத் திட்டி நீங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று காலாப்பட்டிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். இருக்கிறான் அம்மா. சாரம் பகுதியில் வாடகை வீட்டில் இருக்கிறான். வயிறு எரியாத நேரங்களில் நல்லவன்தான்.

இந்த வாரம்தான் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். நெடுமாறன் கேபிள் டி.வி. மெக்கானிக். ரெட்டியார்பாளையம் லைன் அவனுடையது. அவன் மனைவி தாமரைச்செல்வியின் அக்கா அஞ்சலாட்சி. அவளைக் கட்டியவர் ஜூல். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தவர், நம்மூர்ப் பேச்சில் ஒரு சொல்தா. அவர்களின் ஒரே பிள்ளை ரஃபாயேலும் அதே ராணுவத்தில்தான் இருக்கிறான். பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி பாரிஸ் அணிவகுப்பில் இந்த வருஷம் அவன் நடக்கப் போகிறான்.

மகனைப் பார்ப்பதற்கென்றே அஞ்சலாட்சி ஒற்றைக் காலில் நின்று நேரு வீதியில் அறுபத்தைந்து இஞ்ச் டி.வி. வாங்க வைத்தாள். புது எச்.டி. பாக்ஸும் வந்தது. அதை மாட்டப் போன நெடுமாறன், பாக்ஸோடு வந்த எச்.டி.எம்.ஐ. ஒயரைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று பழைய மூணு கலர் ஒயரைச் சொருகிவிட்டு வந்துவிட்டான்.

அந்த ஒயரில் படம் வரும். எச்.டி. வராது. சின்ன டி.வி.யில் அது அவ்வளவாகத் தெரியாது. அறுபத்தைந்து இஞ்சில் மூஞ்சியெல்லாம் தண்ணீரில் கரைந்த மாதிரி இருக்கும். போதாததற்குப் படத்தை இரண்டு பக்கமும் இழுத்து வைத்தது போல எல்லோரும் அகலமாகத் தெரிவார்கள். செய்தி வாசிக்கிற பெண் உண்டாகியிருக்கிறாளோ என்று அந்த வீட்டில் மூன்று வாரமாக ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெரிய டி.வி. என்றால் படம் அப்படித்தான் இருக்கும் என்று நெடுமாறன் சொன்னான். கேபிள்காரனே சொன்ன பிறகு யார் மறுத்துப் பேசுவது?

ஏன் செய்தான் என்று கேட்பீர்கள். புது டி.வி. வரும் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமையானால் ஜூல் குடும்பம் படம் பார்க்க வந்தது நெடுமாறன் வீட்டுக்குத்தான். முப்பத்திரண்டு இஞ்ச்தான், ஆனால் அவன் கைப்பட மாட்டிய டி.வி. பூவின் மகரந்தம் வரைக்கும் தெரியும். "பிக்சர்னா நெடு வீட்லதான் பார்க்கணும்" என்று ஜூல் நாலு பேர் எதிரில் சொல்வார். இருபது வருஷத்தில் சகலையைவிட நெடுமாறனிடம் ஒரு விரற்கடை உசத்தியாக இருந்தது அந்த ஒன்றுதான். அதையும் பெரிய அட்டைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் மனிதன் என்ன செய்வான்?

எரிச்சலின் வேர் இன்னும் பழசு. அறுபத்திரண்டில் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து சட்டப்படி இந்தியாவுக்குக் கைமாறியபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஜூலின் தாத்தா எழுதிக் கொடுத்தார். நெடுமாறனின் தாத்தா நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று மில்லுக்கே போய்க்கொண்டிருந்தார். ஆறு மாதம் முடிந்தது. அவர் அன்றைக்கு ஒரு எட்டு போயிருந்தால் தன் மகன் வெற்றிச்செல்வனும் இன்றைக்குப் பாரிஸில் நடப்பான் என்று நெடுமாறன் நினைக்காத நாள் கிடையாது. வெற்றிச்செல்வன் இப்போது செல்போன் கடையில் ஸ்கிரீன் கார்டு ஒட்டுகிறான்.

இனி இந்த ஜூலை பதினாலு.

காலையில் மிக்சி ஒயர் பிய்ந்துவிட்டது. சுற்றுவதற்கு டேப் தேடி தாமரைச்செல்வி கணவனின் டூல்ஸ் பையைக் கவிழ்த்தாள். டேப் வந்தது. கூடவே ஒரு கறுப்பு ஒயரும் வந்தது. கட்டுக்கூடப் பிரிக்காத புது ஒயர்.

ஸ்பேர் என்றான் நெடுமாறன்.

கேபிள்காரனோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தினவளுக்கு எது பாக்ஸோடு வருகிற ஒயர், எது கடையில் வாங்குகிற ஒயர் என்று தெரியாதா? அவள் சத்தம் போடவில்லை. அந்த ஒயரை மடிமேல் வைத்துக்கொண்டு வேறு எதையோ பேசுகிற மாதிரி அக்காவைப் பற்றிச் சொன்னாள். அக்காவுக்கு மூணு வாரமாகக் கண் தெரியவில்லையாம். டி.வி.யில் ஒரு முகமும் பிடிபடவில்லையாம். கண் டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றாராம். இவளுக்கு நம்பிக்கை இல்லை. இன்னொரு கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கிறாள். அதிலும் தெரியவில்லை. திங்கட்கிழமை வேறு ஆஸ்பத்திரிக்குப் போய், ஆபரேஷன் பண்ணிவிடுங்கள் என்று கேட்கப் போகிறாளாம்.

நெடுமாறன் டம்ளரில் இருந்த டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள் தாமரைச்செல்வி. "மதியம் அக்கா வீட்டுக்குப் போறப்ப இத நீங்களே எடுத்துனு வாங்க."

அவன் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினான். அவமானமாக இருந்தது. இன்றைக்கு மாட்டிவிடுவது, ஒயர் கடையில் கிடைத்தது என்று ஏதாவது சொல்லிக்கொள்வது என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டும் விட்டான். அந்த நல்ல மனசு கடற்கரைச் சாலை வரைக்கும் தாங்கியது.

அங்கே ஒரு வீட்டில் கேபிள் கம்ப்ளெயின்ட், அந்த லைன்காரன் லீவு என்று இவனை அனுப்பியிருந்தார்கள். பைக்கைத் தள்ளிக்கொண்டு போகும்போது போர் நினைவுச் சின்னத்துக்கு எதிரில் கூட்டம். வயதான சொல்தாக்கள் கோட்டுப் போட்டு, மெடல் குத்தி, வெயிலில் விறைப்பாக நின்று மலர் வைத்துவிட்டுக் கலைந்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஜூல். மார்பில் நாலு மெடல். ஒவ்வொருவராக வந்து கை குலுக்கி, இரண்டு கன்னத்திலும் கன்னம் வைத்து, மகனைப் பற்றி விசாரித்துவிட்டுப் போகிறார்கள். அவர் மெர்சி, மெர்சி என்று நன்றி சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இவனைப் பார்த்ததும் கையைத் தட்டிக் கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவரிடம் இவனைக் காட்டி பிரெஞ்சில் என்னமோ சொன்னார். அதில் நெடுமாறனுக்குப் புரிந்தது 'கேபிள்' என்கிற ஒரு வார்த்தைதான். பெரியவர் இவன் தோளில் இருந்த ஒயர் சுருளைப் பார்த்துச் சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார். அதுதான் இன்னும் எரிந்தது.

"ஒரு மணிக்கெல்லாம் வந்துடு சகலை" என்றார் ஜூல். "உன் வீட்ல பார்க்கலாம்னு அஞ்சலா சொன்னா. நான்தான் வேணாம்னுட்டேன். அவ்ளோ பெரிய டி.வி. வாங்கி வெச்சினு உன் வீட்டுக்கு எதுக்கு வரணும்?"

அவ்வளவுதான். பையின் அடியில் இருந்த ஒயர் அங்கேயே கிடக்கட்டும் என்று நெடுமாறன் முடிவு பண்ணிவிட்டான். பெரிய டி.வி.யில் பெரிய மங்கலாகவே பாருங்கள். மூணு நாளாக அவன் தன் வீட்டு ஹாலை ஒழித்துத் துடைத்து, பக்கத்து வீட்டில் நாலு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டு வைத்திருந்தது அவனுக்குத்தானே தெரியும்.

ரெட்டியார்பாளையத்தில் ஜூல் வீட்டில் மதியம் மீன் குழம்பு வாசனை தெருவுக்கே வந்தது. ஜூலின் தங்கை கரீன் பேக்கரியில் இருந்து நீட்டு ரொட்டி வாங்கி வந்து குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிரெஞ்சு சேனலில் அணிவகுப்பு தொடங்கிவிட்டது. விமானங்கள் மூவர்ணப் புகை விட்டுக்கொண்டு போயின. புகையைப் பார்க்க எந்த ஒயரானாலும் போதும். பிறகு மனிதர்கள் வந்தார்கள். வரிசை வரிசையாக மனித உருவங்கள், கழுத்துக்கு மேலே பழுப்பும் வெளுப்புமாக ஒரு பூச்சு.

கரீன், டி.வி. நல்ல பெரிசு என்றாள். வேறு எதையும் சொல்ல முடியவில்லை பாவம்.

அஞ்சலாட்சி சோபாவில் உட்காரவில்லை. டி.வி.க்கு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவை, தலை நிறைய பூ, மூக்கில் புதுக் கண்ணாடி. அதைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டாள். நெடுமாறன் அருகில் வந்ததும் மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினாள்.

"தம்பி, புள்ள ரெண்டாவது வரிசையில இடது ஓரமாம். மூணு மாசம் முன்ன செலக்ட் ஆனப்பவே சொன்னான். எனக்கு வரிசை தெரியுது, மூஞ்சி தெரியல. என் கண்ணு அவ்ளோதான் போல. அவன் வந்தா நீ என் தோள்ல ஒரு தட்டு தட்டிக் காட்டுறியா? தெரியலன்னு அவர்கிட்ட சொல்லாத. மனசு கஷ்டப்படுவாரு."

மகனை அவள் பார்த்து ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது. இந்த ஒரு மாதமாக வீடியோவிலும் வருவதில்லை. முகாமில் கேமரா கூடாதாம், ஜூல் சொல்லியிருந்தார். குரல் மட்டும்தான், அதுவும் அவசர அவசரமாக.

நெடுமாறனுக்கு ஜூல் மேல்தான் காய்ச்சல். இந்த அண்ணி அவனுக்கு என்ன செய்தாள்? கல்யாணமான புதிதில் வேலையில்லாமல் இருந்தபோது தட்டில் சோறு போட்டவள். அவள் கண்ணை அல்லவா அவன் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறான். அந்த நிமிஷம் தன் மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது.

எழுந்து போய்ப் பையில் இருந்து ஒயரை எடுத்தான். கட்டைப் பல்லால் கடித்துப் பிரித்தான். சமையலறை வாசலில் நின்ற தாமரைச்செல்வி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

"என்ன சகலை பண்ற?" என்றார் ஜூல்.

படம் சரியாக வரவில்லை, ஒயரை மாற்றினால் சரியாகும் என்று நெடுமாறன் சொன்னான். ஜூல் சட்டென்று எழுந்து வந்துவிட்டார். ஓடுகிற படத்தை நிறுத்த வேண்டாம், தெரிகிற வரைக்கும் போதும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் கையைப் பிடித்தார். பிடி கொஞ்சம் இறுக்கமாகவே இருந்தது. பெரிய டி.வி. வாங்கியவருக்குத் தன் டி.வி.யில் குறை என்று ஒத்துக்கொள்ள ரோஷம் என்று நெடுமாறன் நினைத்தான். கையை விடுவித்துக்கொண்டு டி.வி.க்குப் பின்னால் புகுந்தான்.

திரை கறுத்துப் போனது. கரீன் ஐயோ என்றாள்.

மூணு கலர் ஒயரைப் பிடுங்கி எறிந்து, கறுப்பு ஒயரை இந்த முனை பாக்ஸிலும் அந்த முனை டி.வி.யிலும் சொருகினான். படம் வந்தது, ஆனால் அதே மங்கல். ஒயர் மட்டும் போதாது என்பது அவனுக்குத் தெரியும். பாக்ஸின் மெனுவுக்குள் போய், படத்தின் தெளிவு ஐந்நூற்று எழுபத்தாறில் இருந்ததை ஆயிரத்து எண்பதுக்கு மாற்றினான். இழுத்துக் கிடந்த படத்தை நேராக்கினான். பிறகு சேனல் நம்பர். இவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது சாதாரண நம்பர், எச்.டி. வேறு நம்பரில் வருகிறது. அதைப் போட்டால், பேக் இல்லை, சந்தா போடவில்லை என்று எழுத்து வந்து நின்றது. போன மாதமே போட்டிருக்க வேண்டியது, அதையும் அவன்தான் போடாமல் விட்டான்.

கன்ட்ரோல் ரூம் முருகையனுக்குப் போன் அடித்தான். முருகையன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கைய அப்புறம் கழுவிக்கலாம்டா. பாக்ஸ் நம்பர் சொல்றேன், எச்.டி. பேக்க இப்பவே போட்டு வுடு. எங்க அண்ணி புள்ளையப் பார்க்கணும்."

ஒரு நிமிஷம் போனது. இரண்டாவது நிமிஷமும் போனது. அஞ்சலாட்சி எழுத்து மட்டும் இருந்த திரையைப் பார்த்தபடி தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

படம் வந்தது.

பாரிஸ் தெருவில் மரத்து இலை ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடியது. குதிரையின் வாயோரத்து நுரை, ஒரு அதிகாரியின் காதுக்குப் பின்னால் வழிந்த வியர்வை, சட்டைப் பொத்தானில் இருந்த நங்கூரம் எல்லாம் தெரிந்தது. அஞ்சலாட்சி மெல்லக் கண்ணாடியைக் கழற்றினாள். போட்டுப் பார்த்தாள், மறுபடி கழற்றினாள்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்குடி தாமரை" என்றாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

நெடுமாறனுக்கு இருபது வருஷத்துப் பாரம் இறங்கினது போல் இருந்தது. அப்போது அவனிடம் பொறாமை ஒரு பொட்டுக்கூட இல்லை என்று நான் சத்தியம் பண்ணுவேன். இன்னும் ஏதாவது செய்ய வேண்டும் போல் இருந்தது அவனுக்கு. பையில் இருந்த பென்டிரைவை எடுத்து பாக்ஸில் சொருகி ரெக்கார்டிங்கைப் போட்டான். அண்ணி எத்தனை தடவை வேண்டுமானாலும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம் என்று பெருமையாகச் சொன்னான்.

ரஃபாயேலின் படைப்பிரிவு வந்தது. கரீன்தான் கொடியைப் பார்த்துச் சொன்னாள். கேமரா முன்வரிசையில் தொடங்கி மெதுவாக நகர்ந்தது. இரண்டாவது வரிசை. இடது ஓரத்தில் ஒரு மாநிறப் பையன், தாடையை இறுக்கிக்கொண்டு நடந்தான்.

அதோ அதோ என்று கரீன் கையைத் தட்டினாள். தாமரைச்செல்வி வாயில் கை வைத்துக்கொண்டாள். நெடுமாறன் சொன்னபடி அண்ணியின் தோளில் ஒரு தட்டு தட்டினான்.

அஞ்சலாட்சி அசையவில்லை.

"இது என் புள்ள இல்ல" என்றாள்.

தொப்பி போட்டிருப்பதால் அப்படித் தெரியும் என்றாள் கரீன். வரிசை மாறியிருக்கும் என்றாள் தாமரைச்செல்வி. அஞ்சலாட்சி ரிமோட்டை நெடுமாறனிடம் நீட்டினாள். அவன் படத்தைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான். அவள் எழுந்து நின்றாள். நின்றுபோன படத்தில் ஒவ்வொரு முகமாக விரலை வைத்துக்கொண்டே வந்தாள். முதல் வரிசை, இரண்டாவது, மூன்றாவது. ஒருவனுக்கு மூக்கில் மச்சம். ஒருவனுக்கு மீசை இப்போதுதான் அரும்புகிறது. எல்லா முகமும் கண்ணாடியில் பார்ப்பது போல் இருந்தது. அவள் பெற்ற முகம் அதில் இல்லை.

"இன்னும் கொஞ்சம் தள்ளு தம்பி."

தள்ளினான். நிறுத்தினான். மறுபடி தள்ளினான். அந்தப் படைப்பிரிவு முடிந்து அடுத்தது வந்துவிட்டது.

மங்கலாக இருந்திருந்தால் அந்த ஓரத்துப் பையனையே மகன் என்று பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திருப்தியாக எழுந்திருப்பாள். நெடுமாறனுக்கு அது அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தான். ஜூல் அந்த அறையில் இல்லை.

வாசலில் கார் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தார். கோட்டும் மெடலும் அப்படியே இருந்தன. முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை, வெளிறிப் போயிருந்தது.

"இன்னைக்குன்னு பார்த்தா சகலை அந்த ஒயர மாட்டணும்?"

"தப்பு எம்மேலதாண்ணே. அந்த ஒயரு அன்னைக்கே..."

"தெரியும். நீ பையில போட்டுக்கினு போனத ஜன்னலாண்ட நின்னு பார்த்துனுதான் இருந்தேன்."

நெடுமாறன் கையோடு எடுத்து வந்துவிட்ட ரிமோட்டைக் குனிந்து பார்த்தான்.

"அவன் நடக்கலன்னு அதுக்கு முந்தின வாரமே எனக்குத் தெரிஞ்சிடுச்சி" என்றார் ஜூல். "அவகிட்ட சொல்ல முடியல. இவ என்னடான்னா டி.வி. வாங்கு, டி.வி. வாங்குன்னு உயிர எடுக்கறா. நீ ஒயர எடுத்துட்டு, பெரிய டி.வி.ன்னா இப்படித்தான்னு ஒரு பொய்ய வேற சொன்ன. எனக்குக் கோவம் வரல சகலை. கும்புடணும் போல இருந்துச்சி. உன் வீட்டு டி.வி.யில அவ பார்த்துடக் கூடாதுன்னுதான் வேணாம்னேன்."

இருபது வருஷமாக நெடுமாறன் வயிறு எரிந்தது இந்த மனிதரைப் பார்த்துத்தான். காலையில் கடற்கரையில் கன்னத்தோடு கன்னம் வைத்து வாழ்த்து வாங்கிக்கொண்டு நின்றதும் இதே மனிதர்தான். ஒவ்வொரு வாழ்த்தும் அவரை எப்படிக் குத்தியிருக்கும் என்று இப்போது நினைத்தால் நெடுமாறனுக்குத் தாங்கவில்லை. அவர் இடத்தில் தான் இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனை தடவை ஏங்கியிருக்கிறான்.

"புள்ள எங்கண்ணே?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வாசல்படியில் அஞ்சலாட்சி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கண்ணாடி போடாத கண்கள் நேராகப் புருஷன் முகத்தின் மேல் இருந்தன.

ஜூல் மார்பில் குத்தியிருந்த மெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட ஆரம்பித்தார். பிள்ளை எங்கே என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.